சி பிளஸ் பிளஸ் கூப்பிட்டால் பைத்தானுக்குக் கேட்குமா? பைண்டிங் வழியே கால்பேக் அமைப்பது குறித்து ஓர் எளிய விளக்கம்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. அடுத்த இரு நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.5 லட்சம் கன அடிக்கும் மேலாகத் தண்ணீர் திறந்துவிடப்பட்டுத் தென்பெண்ணையின் இரு கரைகளும் மூழ்கின. அதைக் கண்ணால் பார்த்த கடலூர், புதுச்சேரிப் பகுதி மாணவர்களுக்கு, ஆற்றின் நீர்மட்டத்தை அளந்து, அது எல்லை தாண்டினால் குறுஞ்செய்தி அனுப்பும் ஓர் இறுதியாண்டு ப்ராஜெக்ட் செய்தால் என்ன என்று தோன்றுவது இயல்பே. கடலூரிலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையில், ஆல்பேட்டைக்கு அருகே பெண்ணையாற்றைக் கடக்கும் பாலத்தின் அடியில் ஒரு சென்சாரையும் அதனோடு கையடக்கக் கணினி ஒன்றையும் பொருத்துவதாக வைத்துக்கொள்வோம். சென்சாரைத் தயாரித்தவர்கள் கொடுக்கும் லைப்ரரி சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதப்பட்டிருக்கிறது. செய்தி அனுப்புவது, வரைபடம் போடுவது, தரவைச் சேமிப்பது ஆகியவற்றை மாணவர்கள் பைத்தானில் எழுத விரும்புகிறார்கள். இந்த இரண்டு மொழிகளும் சந்திக்கும் இடத்தைப் பற்றியதே இக்கட்டுரை. இதைப் படிக்கப் பைத்தானில் ஒரு கிளாஸ் எழுதத் தெரிந்திருந்தால் போதும். சி பிளஸ் பிளஸ்ஸை மேலோட்டமாக அறிந்திருந்தாலே போதுமானது.

சந்திப்பு இரண்டு திசைகளில் நடக்கலாம். பைத்தான் நிரல் சி பிளஸ் பிளஸ் ஃபங்ஷனை அழைத்து, "இப்போது மட்டம் என்ன?" என்று கேட்டு, விடையை வாங்கிக்கொள்வது முதல் திசை. இதில் பெரிய சிக்கல் எதுவும் இல்லை. கேட்பவர் காத்திருக்கிறார், விடை வருகிறது, கதை முடிந்தது. ஆனால் மட்டம் எப்போது மாறும் என்று தெரியாத நிலையில், விநாடிக்கு நூறு முறை கேட்டுக்கொண்டே இருப்பது வீண் வேலை. மட்டம் மாறும்போது லைப்ரரியே நம்மைக் கூப்பிட வேண்டும் என்பதுதான் நமக்குத் தேவை. அதாவது, சி பிளஸ் பிளஸ் பைத்தானை அழைக்க வேண்டும். இந்த இரண்டாவது திசைக்குத்தான் கால்பேக் என்று பெயர்.

கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் மீன் வாங்க வருபவர், படகு கரை சேரும்வரை அங்கேயே நிற்காமல், தெரிந்தவரிடம் தம் கைபேசி எண்ணைக் கொடுத்து, "படகு வந்ததும் ஒரு போன் போடுங்க அண்ணே" என்று சொல்லிவிட்டுப் போவார். கால்பேக் என்பது அதுவே. நாம் கொடுக்கும் எண், ஒரு ஃபங்ஷனின் முகவரி. சி மொழியில் இது மிகப் பழைய வழக்கம். வரிசைப்படுத்தும் 'கியூசார்ட்' என்னும் ஃபங்ஷன், இரண்டு பொருள்களில் எது முந்தையது என்று தீர்மானிக்கும் பொறுப்பை, நாம் கொடுக்கும் இன்னொரு ஃபங்ஷனிடம் விட்டுவிடுகிறது. முகவரியைக் கையளிக்கிறோம், அது தேவையானபோது அழைத்துக்கொள்கிறது.

ஒரே மொழிக்குள் இது இவ்வளவு எளிது என்றால், இரண்டு மொழிகளுக்கு இடையே ஏன் கடினமாகிறது? சி பிளஸ் பிளஸ்ஸுக்கு ஃபங்ஷன் என்பது நினைவகத்தில் இயந்திரக் கட்டளைகள் தொடங்கும் ஓர் இடம். அந்த இடத்துக்குத் தாவினால் வேலை நடக்கும். பைத்தானுக்கு ஃபங்ஷன் என்பது ஓர் ஆப்ஜெக்ட். அதற்குப் பெயர் உண்டு, தன்னை எத்தனை பேர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை உண்டு, ஆனால் நேராகத் தாவிச் செல்லத்தக்க இயந்திர முகவரி கிடையாது. 4.27 என்ற எண்கூட இரு பக்கமும் ஒன்றல்ல: அங்கே அது எட்டு பைட், இங்கே அந்த எட்டு பைட்டைத் தன்னுள் வைத்திருக்கும் ஓர் ஆப்ஜெக்ட். ஆகவே சி பிளஸ் பிளஸ் தாவிச் செல்லக்கூடிய ஓர் உண்மையான முகவரியில் நின்று, வந்த மதிப்பைப் பைத்தான் உருவத்துக்கு மாற்றி, சரியான பைத்தான் ஆப்ஜெக்ட்டைத் தேடிப் பிடித்து அழைத்து, திரும்பி வரும் விடையை மீண்டும் சி பிளஸ் பிளஸ் உருவத்துக்கு மாற்றித்தரும் ஓர் இடைத்தரகு நிரல் தேவைப்படுகிறது. அந்த இடைத்தரகு நிரலே பைண்டிங்.

இதைக் கையால் எழுதலாம், எழுதியும் இருக்கிறார்கள். ஒரு ஃபங்ஷனுக்கு இருபது முப்பது வரி எழுத வேண்டியிருக்கும். லைப்ரரியில் இருநூறு ஃபங்ஷன் இருந்தால், ஏதேனும் ஒன்றில், ஆப்ஜெக்ட்டைப் பிடித்திருப்பவர்களின் எண்ணிக்கையைக் கூட்ட மறந்து, என்றோ ஒருநாள் நிரல் காரணம் சொல்லாமல் விழும். எனவே பைண்டிங்கை எழுதுவதற்கென்றே கருவிகள் தோன்றின. அவற்றில் மூத்தவற்றுள் ஒன்று 'ஸ்விக்'. டேவிட் பீஸ்லி 1995-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகத்தில் இதைத் தொடங்கினார்; சி, சி பிளஸ் பிளஸ் நிரல்களைப் பைத்தான், ஜாவா, ரூபி போன்ற பல மொழிகளோடு இணைக்க இது இன்றும் பயன்படுகிறது. புதிதாகத் தொடங்குபவர்களுக்குப் 'பைபைண்ட்11' என்ற இன்னொரு கருவி எளிதாக இருக்கும் என்று சிலர் சொல்வார்கள், அது உண்மைதான். ஆனாலும் அதில் பைண்டிங்கை நாமே சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதுகிறோம். கருவி தானாக உருவாக்கிய நிரலைத் திறந்து உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க ஸ்விக்கே வசதி என்பதால் இங்கே அதை எடுத்துக்கொள்கிறேன்.

நம் லைப்ரரியில் இரண்டு கிளாஸ்கள் இருப்பதாகக் கொள்வோம். (நிஜக் கோப்பில் பெயர்கள் ஆங்கிலத்தில் இருக்கும், வாசிப்பு வசதிக்காக இங்கே தமிழில் தருகிறேன்.) 'கேட்பவர்' என்ற கிளாஸில் 'மட்டம்வந்தது' என்ற ஒரேயொரு மெதட் இருக்கிறது, அது மீட்டர் கணக்கில் ஓர் எண்ணைப் பெற்றுக்கொள்ளும், விர்ச்சுவல் என்று அறிவிக்கப்பட்டிருப்பதால், இந்தக் கிளாஸிலிருந்து பிறக்கும் வேறொரு கிளாஸ் அதைத் தன் விருப்பப்படி மாற்றி எழுதலாம். 'கண்காணி' என்ற இன்னொரு கிளாஸ், ஒரு கேட்பவரைச் சேர்த்துக்கொள்ளும். 'தொடங்கு' என்றால் சென்சாரைப் படிக்கத் தனியாக ஒரு த்ரெட்டை, அதாவது நிரலுக்குள் இணையாக ஓடும் இன்னொரு வேலை ஓட்டத்தைத் தொடங்கும். 'நிறுத்து' என்றால் அந்த த்ரெட்டை முடித்துவிட்டுத் திரும்பும்.

ஸ்விக்குக்கு நாம் தருவது ஓர் இடைமுகக் கோப்பு. அதில் மாட்யூலின் பெயரும், எந்தத் தலைப்புக் கோப்பை (கிளாஸ்களின் அறிவிப்புகள் உள்ள 'ஹெடர்' கோப்பை) படிக்க வேண்டும் என்பதும் இருக்கும். சிறிய லைப்ரரிக்குப் பத்து வரிக்கு மேல் தேவைப்படாது. ஸ்விக்கை இயக்கினால், பார்த்தாலே மலைக்கவைக்கும் நீளத்தில் ஒரு சி பிளஸ் பிளஸ் கோப்பும், அதனோடு ஒரு பைத்தான் கோப்பும் கிடைக்கும். முதலாவதைக் கம்பைல் செய்து லைப்ரரியோடு இணைத்தால், பைத்தான் அதை ஒரு சாதாரண மாட்யூல் போல இம்போர்ட் செய்துகொள்ளும். பைத்தான் கோப்பில், ஒவ்வொரு சி பிளஸ் பிளஸ் கிளாஸுக்கும் ஈடாக ஒரு நிழல் கிளாஸ் இருக்கும். அதன் மெதட்டை அழைத்தால் அது உள்ளிருக்கும் நிஜ ஆப்ஜெக்ட்டின் மெதட்டுக்கு அழைப்பைக் கடத்திவிடும்.

இந்த இடத்தில்தான் புதியவர்கள் பெரும்பாலும் ஏமாந்துபோகிறார்கள். பைத்தானில் கேட்பவரிடமிருந்து ஒரு கிளாஸை உருவாக்கி, 'மட்டம்வந்தது' என்பதை மாற்றி எழுதி, கண்காணியிடம் சேர்த்துவிட்டு இயக்குகிறார்கள். பிழைச் செய்தி எதுவும் வருவதில்லை. சென்சார் வேலை செய்கிறது. ஆனால் பைத்தானில் எழுதிய மெதட் ஒருமுறைகூட அழைக்கப்படுவதில்லை. காரணம், நிழல் கிளாஸ் ஒருவழிப் பாதை. கண்காணியின் கையில் இருப்பது அசல் சி பிளஸ் பிளஸ் கேட்பவர் ஆப்ஜெக்ட்டின் பாயின்ட்டர், அதாவது அதன் நினைவக முகவரி மட்டுமே. அதற்கு மேலே பைத்தானில் ஒருவர் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்பது சி பிளஸ் பிளஸ்ஸுக்குத் தெரியவே தெரியாது.

இதற்கு ஸ்விக் தரும் தீர்வுக்கு 'டைரக்டர்' என்று பெயர். இடைமுகக் கோப்பில் மாட்யூலுக்கு டைரக்டர் வசதி வேண்டும் என்று ஒரு வரியும், எந்தக் கிளாஸுக்கு வேண்டும் என்று இன்னொரு வரியும் சேர்க்க வேண்டும். இரண்டில் ஒன்றை விட்டாலும் பயன் இல்லை. டைரக்டரால் நிரலும் பெருகும், அழைப்பின் செலவும் கூடும் என்பதால், கேட்டாலொழிய ஸ்விக் அதைத் தருவதில்லை.

டைரக்டரைக் கேட்டபின் உருவாகும் கோப்பைத் திறந்து பார்ப்பது நல்லது. ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நடுவே, பெயரின் தொடக்கத்தில் 'ஸ்விக் டைரக்டர்' என்ற ஒட்டுடன் ஒரு புதிய கிளாஸ் இருக்கும். அது கேட்பவரிடமிருந்து பிறந்த, முழுக்க முழுக்க சி பிளஸ் பிளஸ் கிளாஸ்தான். ஆனால் தன்னுள் ஒரு பைத்தான் ஆப்ஜெக்ட்டின் பாயின்ட்டரை வைத்திருக்கிறது. அதன் 'மட்டம்வந்தது' மெதட்டைப் படித்தால், வந்த எண்ணைக் கொண்டு ஒரு பைத்தான் ஃப்ளோட் ஆப்ஜெக்ட்டை உருவாக்குவதும், தான் பிடித்திருக்கும் பைத்தான் ஆப்ஜெக்ட்டின்மேல் அதே பெயருள்ள மெதட்டை அழைப்பதும், திரும்பி வந்தது வெறுமையா என்று பார்த்து, வெறுமையாக இருந்தால் பைத்தானில் பிழை ஏதும் எழுந்திருக்கிறதா என்று சோதிப்பதும், வரிவரியாகத் தெரியும். கண்காணி எதையும் புதிதாகக் கற்றுக்கொள்ளவில்லை. அது எப்போதும்போல ஒரு விர்ச்சுவல் மெதட்டை அழைக்கிறது; அந்த அழைப்பைப் பிடிக்க இப்போது வழியில் ஒரு ஆள் நிற்கிறார், அவ்வளவே.

கூர்ந்து பார்ப்பவருக்கு இங்கே ஓர் ஐயம் எழும். பைத்தான் கிளாஸில் அந்த மெதட்டை மாற்றி எழுதாவிட்டால் என்ன ஆகும்? டைரக்டர் பைத்தானை அழைக்கும். பைத்தான் நிழல் கிளாஸின் மெதட்டைக் கண்டுபிடிக்கும். நிழல் கிளாஸ் சி பிளஸ் பிளஸ் மெதட்டை அழைக்கும். அது விர்ச்சுவல் என்பதால் மீண்டும் டைரக்டரிடமே வரும். இப்படிச் சுற்றிச் சுற்றி, அழைப்புகளை அடுக்கிவைக்கும் ஸ்டாக் என்ற நினைவகப் பகுதி நிரம்பி நிரல் விழ வேண்டும். விழுவதில்லை. ஏனெனில், கடத்தும் நிரலில் ஒரு சிறு சோதனை இருக்கிறது: அழைப்பு இந்த ஆப்ஜெக்ட்டின் சொந்த டைரக்டரிடமிருந்து திரும்பி வந்ததுதானா என்று பார்த்து, ஆம் என்றால் விர்ச்சுவல் வழியை விட்டுவிட்டுத் தாய்க் கிளாஸின் மெதட்டை நேராகப் பெயர் சொல்லி அழைக்கிறது. தாய்க் கிளாஸில் அந்த மெதட்டுக்கு உடலே இல்லை என்றால் அதற்கென உள்ள ஒரு பிழையை எழுப்புகிறது. கையால் பைண்டிங் எழுதுபவர்கள் மறந்துவிடக்கூடிய இடம் இது.

பைத்தான் கிளாஸில் சொந்தமாக ஒரு தொடக்க மெதட் எழுதினால், அதன் முதல் வேலையாகத் தாய்க் கிளாஸின் தொடக்க மெதட்டை அழைக்க வேண்டும். டைரக்டர் ஆப்ஜெக்ட் பிறப்பதே அங்கேதான். மறந்தால், கண்காணியிடம் சேர்க்கும் வரியில், தந்த பொருளின் வகை சரியில்லை என்று ஒரு பிழை வரும். அது குறிப்பிடும் இடம் ஒன்று, தவறு இருக்கும் இடம் வேறொன்று.

இதுவரை சொன்னவை எல்லாம் கருவி தானாகச் செய்துகொடுப்பவை. கருவியால் தீர்மானிக்க முடியாத மூன்று கேள்விகள் மீதமிருக்கின்றன: கொடுத்த ஆப்ஜெக்ட் எவ்வளவு காலம் உயிரோடு இருக்கும், அழைப்பு எந்த த்ரெட்டில் வரும், அழைப்புக்குள் பிழை நேர்ந்தால் அது எங்கே போகும். என் கணிப்பில், கால்பேக் பற்றிய பயிற்சிப் பாடங்கள் பலவும் ஃபங்ஷன் பாயின்ட்டரை விளக்குவதோடு நின்றுவிடுவதுதான் குறை. நிரல் நடுராத்திரியில் விழுவது இந்தக் கேள்விகளால்தான்.

உயிர்க் காலத்தை முதலில் பார்ப்போம். பைத்தானில் ஒரு வரியில் கேட்பவரை உருவாக்கி, அதை எந்த மாறியிலும் வைக்காமல் அப்படியே கண்காணியிடம் கொடுத்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரி முடிந்ததும், இந்த ஆப்ஜெக்ட்டைப் பிடித்திருப்பவர் யாரும் இல்லை என்று பைத்தான் முடிவுசெய்கிறது. கண்காணி அதன் பாயின்ட்டரை வைத்திருப்பது பைத்தானின் கணக்கில் வராது. ஆப்ஜெக்ட் அழிகிறது, அதனோடு டைரக்டரும் அழிகிறது. ஒரு விநாடி கழித்துக் கண்காணி அந்த முகவரிக்குத் தாவுகிறது. நம் மீன் வாங்குபவர் சிம்மை மாற்றிவிட்டார், பழைய எண் வேறு யாருக்கோ போய்விட்டது. நினைவகத்தின் அந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து, நிரல் உடனே 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்ற இரண்டு சொற்களோடு சாகலாம். அல்லது சில மணி நேரம் சரியாக ஓடுவதுபோல் நடித்துவிட்டுப் பின்பு சாகலாம். இரண்டாவதுதான் கொடுமை. பைத்தானின் வழக்கமான பிழைத் தடம் எதுவும் அச்சாகாது. ஏனெனில் விழுந்தது பைத்தான் நிரல் அல்ல, அதைச் சுமந்துகொண்டு இயக்க முறைமையில் ஓடிக்கொண்டிருந்த புராசஸ்.

இதற்கு இரு வழிகள் உண்டு. முதல் வழியில் உரிமை பைத்தானிடமே இருக்கும்: கேட்பவரை நீண்டகாலம் வாழும் ஒரு மாறியில் வைத்து, கண்காணியிடமிருந்து நீக்கிய பிறகே அதை விடுவிக்க வேண்டும். இரண்டாவது வழியில் உரிமையைச் சி பிளஸ் பிளஸ்ஸுக்கு எழுதிக்கொடுத்துவிடுகிறோம்: நிழல் ஆப்ஜெக்ட்டில் 'டிஸ்ஓன்' என்ற மெதட் இருக்கிறது; அதை அழைத்துக் கொடுத்தால், டைரக்டர் பைத்தான் ஆப்ஜெக்ட்டின் எண்ணிக்கையை ஒன்று கூட்டிக்கொண்டு அதை உயிரோடு வைத்திருக்கும்; சி பிளஸ் பிளஸ் டைரக்டரை அழிக்கும்போது அதுவும் விடுபடும். எந்த வழி சரி என்பதைத் தீர்மானிப்பது லைப்ரரியின் ஆவணம். கண்காணி தான் அழியும்போது தன்னிடமுள்ள கேட்பவரையும் அழிக்கும் என்றால் இரண்டாவது வழிதான் சரி. அழிக்காது என்றால் முதல் வழி. மாற்றிச் செய்தால், ஒரே நினைவகத்தை இரண்டு பேர் இரண்டுமுறை அழிப்பதோ, ஒருவருமே அழிக்காமல் விடுவதோ நடக்கும். ஆவணத்தில் இதுபற்றி எதுவும் இல்லையென்றால், லைப்ரரியின் அழிப்பு மெதட்டைத் திறந்து படித்துவிடுவது மேல், ஊகித்து எழுதக்கூடாது.

ஸ்விக்கை விட்டு, பைத்தானோடு வரும் 'சிடைப்ஸ்' மாட்யூலைப் பயன்படுத்துபவர்களுக்கும் இதே கண்ணி உண்டு. அதில் பைத்தான் ஃபங்ஷனை ஒரு கால்பேக் வகைக்குள் பொதிந்து சி-க்குக் கொடுக்கிறோம். சி பயன்படுத்தும் காலம்வரை அந்தப் பொதிவை நாம்தான் பிடித்து வைத்திருக்க வேண்டும், இல்லையெனில் அது துடைக்கப்பட்டு நிரல் விழக்கூடும் என்று அதன் ஆவணமே எச்சரிக்கிறது.

அடுத்தது த்ரெட். கண்காணி சென்சாரைத் தன் சொந்த த்ரெட்டில் படிக்கிறது. ஆகவே 'மட்டம்வந்தது' என்ற அழைப்பும் அந்த த்ரெட்டிலேயே வரும். அந்த த்ரெட்டைத் தொடங்கியது சி பிளஸ் பிளஸ். பைத்தானுக்கு அதைத் தெரியாது. வழக்கமான பைத்தானில் 'ஜில்' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஒரு பொதுப் பூட்டு இருக்கிறது. எந்த நேரத்திலும் அதை வைத்திருக்கும் ஒரேயொரு த்ரெட் மட்டுமே பைத்தான் ஆப்ஜெக்ட்டுகளைத் தொடலாம். பூட்டை வாங்காமல் வெளி த்ரெட் ஒன்று உள்ளே நுழைந்தால், எண்ணிக்கைகள் குழம்பி எதுவும் நடக்கலாம். ஸ்விக்கில் மாட்யூல் வரியிலேயே 'த்ரெட்ஸ்' வசதியைக் கேட்டால், டைரக்டரின் ஒவ்வொரு மெதட்டும் நுழையும்போது பூட்டை வாங்கி, வெளியேறும்போது திருப்பிக் கொடுக்கும்படி நிரல் உருவாகும். 2024 அக்டோபரில் வெளிவந்த பைத்தான் 3.13-இல் இந்தப் பூட்டு இல்லாத பதிப்பு ஒன்றும் சோதனை முறையில் சேர்க்கப்பட்டது. அதிலும் வெளி த்ரெட் ஒன்று பைத்தானைத் தொடுமுன் தன்னைப் பதிவுசெய்துகொள்ள வேண்டும் என்பது மாறவில்லை.

பூட்டு என்று ஒன்று வந்துவிட்டால், அதோடு ஒருவருக்காக ஒருவர் காத்து உறைந்துபோவதும் வரும். ஒரு காட்சியை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். மாலை ஆறு மணிக்கு அளவீட்டை நிறுத்த, பைத்தானின் முதன்மை த்ரெட் 'நிறுத்து' என்பதை அழைக்கிறது. அழைக்கும் நேரத்தில் பொதுப் பூட்டு அதன் கையில் இருக்கிறது. 'நிறுத்து' சி பிளஸ் பிளஸ்ஸுக்குள் நுழைந்து, சென்சார் த்ரெட் தன் வேலையை முடித்துவிட்டு வரட்டும் என்று காத்து நிற்கிறது. அதே கணத்தில் சென்சார் த்ரெட்டுக்கு 4.31 என்ற கடைசி அளவு கிடைக்கிறது. அதைப் பைத்தானிடம் சொல்ல டைரக்டருக்குள் நுழைந்து, பொதுப் பூட்டுக்காகக் காத்து நிற்கிறது. பூட்டு முதன்மை த்ரெட்டிடம். முதன்மை த்ரெட் சென்சார் த்ரெட்டுக்காக. சென்சார் த்ரெட் பூட்டுக்காக. இனி இது எழுந்திருக்காது. பிழைச் செய்தியும் இல்லை, விழுதலும் இல்லை. நிரல் அப்படியே நிற்கும். கடைசி அளவு ஒரு நூறில் ஒரு விநாடி முன்னதாக வந்திருந்தால் எல்லாம் சரியாக முடிந்திருக்கும் என்பதால், கல்லூரி லேபில் பத்துமுறை சோதித்தாலும் பிடிபடாமல், மதிப்பீட்டுக்கு வந்த ஆசிரியர் முன்னால் ஒருமுறை பிடிபடும்.

தீர்வு, பைத்தானிலிருந்து சி பிளஸ் பிளஸ்ஸுக்குள் போகும்போது பூட்டைக் கீழே வைத்துவிட்டுப் போவது. திரும்பி வரும்போது மீண்டும் எடுத்துக்கொள்வது. மேலே சொன்ன 'த்ரெட்ஸ்' வசதி இந்தத் திசைக்கும் நிரல் உருவாக்கித்தருகிறது. ஆனால் கண்காணி தனக்குள் வைத்திருக்கும் சொந்தப் பூட்டைப் பற்றி ஸ்விக்குக்கு எதுவும் தெரியாது. கேட்பவர்களின் பட்டியலைக் காக்கும் பூட்டைப் பிடித்தபடியே கண்காணி கால்பேக்கை அழைக்கிறது என்றும், கால்பேக்குக்குள்ளிருந்து, "எல்லை தாண்டிவிட்டது, இனி என்னை நீக்கிவிடு" என்று நாம் கண்காணியையே திரும்ப அழைக்கிறோம் என்றும் கொள்வோம். நீக்கும் மெதட்டும் அதே பூட்டைக் கேட்கும். ஒரே த்ரெட் தன்னையே எதிர்பார்த்து நின்றுவிடும். லைப்ரரி நம் கையில் இருந்தால், பட்டியலின் நகல் ஒன்றை எடுத்துக்கொண்டு, பூட்டை விட்ட பிறகு அழைக்கும்படி மாற்றலாம். வேறு யாரோ எழுதியது என்றால், கால்பேக்குக்குள்ளிருந்து லைப்ரரியை அழைக்காமல் இருப்பதே ஒரே வழி.

இதனாலேயே நான் ஒரு வழக்கத்தை வற்புறுத்துவேன். பைத்தானில் எழுதும் கால்பேக் மெதட்டின் உடல், வந்த மதிப்பை ஒரு வரிசையில் போடும் ஒரே வரியாக இருக்கட்டும். பைத்தானோடு வரும் 'கியூ' மாட்யூலின் வரிசை த்ரெட்டுகளுக்கு இடையே பாதுகாப்பானது. குறுஞ்செய்தி அனுப்புவது, கோப்பில் எழுதுவது, எல்லையோடு ஒப்பிடுவது எல்லாவற்றையும் இன்னொரு பைத்தான் த்ரெட் அந்த வரிசையிலிருந்து எடுத்துச் செய்யட்டும். குறுஞ்செய்தி நிறுவனத்தின் இணைப்பு பத்து விநாடி தாமதித்தாலும் சென்சாரைப் படிக்கும் த்ரெட் தடைபடாது. புயல் நாளில் இணையம் எப்படியிருக்கும் என்று இப்பகுதியினருக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேகக் கணக்கும் இதையே சொல்கிறது. வேறொரு த்ரெட் பூட்டை வைத்துக்கொண்டு ஓயாமல் கணக்கிட்டுக்கொண்டிருந்தால், காத்திருப்பவர் கேட்டு அதை விட்டுக்கொடுக்கவைக்கப் பைத்தான் வைத்திருக்கும் இயல்பான இடைவெளி 5 மில்லிவிநாடி. விநாடிக்கு ஓர் அளவு வரும் ஆற்றுக்கு இது பொருட்டல்ல. விநாடிக்கு ஆயிரம் அளவு தரும் அதிர்வுமானி என்றால், ஒவ்வோர் அளவுக்கும் ஒருமுறை மொழி எல்லையைக் கடக்காமல், நூறு நூறாகச் சேர்த்து ஒரே அழைப்பில் அனுப்பும்படி சி பிளஸ் பிளஸ் பக்கத்தில் ஒரு சிறு கிளாஸ் எழுதிக்கொள்வது நல்லது.

மூன்றாவது, பிழை. கால்பேக்குக்குள் பைத்தானில் ஓர் எக்ஸப்ஷன் எழுந்தால், அது இயல்பாகத் தன்னை அழைத்தவரை நோக்கி மேலே ஏற வேண்டும். அழைத்தவரோ சி பிளஸ் பிளஸ். பைத்தானின் எக்ஸப்ஷன் அதற்குப் புரியாது; டைரக்டர் அதை ஒரு சி பிளஸ் பிளஸ் எக்ஸப்ஷனாக மாற்றி எறிய முடியும், எப்படி மாற்ற வேண்டும் என்பதை இடைமுகக் கோப்பில் எழுதலாம். ஆனால் அதை யார் பிடிப்பார்கள்? முதன்மை த்ரெட்டிலேயே நடக்கும் கால்பேக் என்றால், தொடக்க அழைப்பைச் சுற்றிப் பிடித்து மீண்டும் பைத்தான் எக்ஸப்ஷனாக மாற்றிவிடலாம். சென்சார் த்ரெட்டில் நடக்கும் கால்பேக்குக்கு மேலே பைத்தான் என்று யாருமே இல்லை; கண்காணியும் பிடிக்கவில்லை என்றால், சி பிளஸ் பிளஸ் விதிப்படி முழு புராசஸும் நிறுத்தப்படும். அகராதியில் இல்லாத ஒரு சாவியைத் தேடிய அற்பப் பிழைக்காக ஆற்றுக் கண்காணிப்பே நின்றுபோவது யாருக்கும் ஏற்புடையதாக இராது. எனவே வேறொரு த்ரெட்டில் வரும் கால்பேக்கில், எல்லாப் பிழைகளையும் பைத்தான் பக்கத்திலேயே பிடித்துப் பதிவேட்டில் எழுதிவிட்டு அமைதியாகத் திரும்பிவிட வேண்டும். எல்லாவற்றையும் மொத்தமாகப் பிடிக்காதே என்று பைத்தான் பாடங்களில் சொல்லிக்கொடுப்பார்கள். மொழியின் எல்லைக்கோடு அந்த அறிவுரைக்கு விதிவிலக்கு.

வேறு மொழி இணைகளிலும் இதே கேள்விகள் வேறு உடையில் வருகின்றன. ஜாவாவைச் சி, சி பிளஸ் பிளஸ்ஸோடு இணைக்கும் ஜேஎன்ஐ முறையில், வெளி த்ரெட் முதலில் தன்னை ஜாவா இயந்திரத்தோடு இணைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அழைக்க வேண்டிய ஆப்ஜெக்ட்டுக்கு 'குளோபல் ரெஃபரன்ஸ்' எடுத்துவைக்க வேண்டும், ஏனெனில் சாதாரணப் பிடிப்பு அந்த அழைப்பு முடிந்ததும் செல்லாததாகிவிடும். 2024 மார்ச்சில் வந்த ஜாவா 22, சி ஃபங்ஷன்களை நேராக அழைக்கவும் ஜாவா மெதட்டைச் சி-க்குக் கால்பேக்காகத் தரவும் புதிய வழியை நிலைப்படுத்தியது. ரஸ்ட் மொழியில், சி-க்குக் கொடுக்கப்பட்ட ஃபங்ஷனிலிருந்து ஒரு பேனிக் (நிரல் தொடர முடியாதபோது ரஸ்ட் எழுப்பும் பிழை) வெளியே கசிய முயன்றால், 1.81 பதிப்பிலிருந்து புராசஸ் அங்கேயே நிறுத்தப்படுகிறது. மொசில்லா உருவாக்கிய 'யூனிஎஃப்எஃப்ஐ', ரஸ்ட்டில் எழுதிய லைப்ரரிக்குக் கோட்லின், ஸ்விஃப்ட், பைத்தான் பைண்டிங்குகளை உருவாக்குகிறது; அது கால்பேக் ஆப்ஜெக்ட்டின் பாயின்ட்டரை ரஸ்ட்டிடம் கொடுப்பதே இல்லை. ஆப்ஜெக்ட்டைக் கோட்லின் பக்கத்தில் ஓர் அட்டவணையில் வைத்து, அதற்குரிய எண்ணை மட்டும் ரஸ்ட்டிடம் தருகிறது. ரஸ்ட் அதை விடும்போது அட்டவணையிலிருந்து நீக்கச் சொல்லி ஓர் அழைப்பு வருகிறது. பிழைகளும் எறியப்படுவதில்லை, நிலை எண்ணாகத் திரும்புகின்றன. ஸ்விக்குக்குப் பிறகு வந்தவர்கள் எதில் அடிபட்டார்கள் என்பது இந்த அமைப்பைப் பார்த்தாலே தெரியும்.

எழுதி முடித்தபின் சோதிக்க, வழக்கமாக எல்லாம் சரியாக நடக்கும் சோதனை மட்டும் போதாது. ஒரு சோதனையில், கேட்பவரைச் சேர்த்தபின் அதற்கான பைத்தான் மாறியை வேண்டுமென்றே அழித்து, குப்பை நீக்கத்தைக் கைப்பட இயக்கி, அதன்பின் பொய்யாக ஓர் அளவை அனுப்பிப் பாருங்கள். உரிமை சரியாக ஒப்படைக்கப்பட்டிருந்தால் அழைப்பு வரும், இல்லையென்றால் ஆற்றங்கரையில் விழ வேண்டியது லேபிலேயே விழும். இன்னொன்றில், அளவுகள் இடைவிடாமல் வந்துகொண்டிருக்கும்போதே தொடங்குவதையும் நிறுத்துவதையும் ஆயிரம் முறை சுற்றவிட்டு, அரை நிமிடத்தில் முடியாவிட்டால் தோல்வி என்று வையுங்கள். மூன்றாவதில், கால்பேக்குக்குள் வேண்டுமென்றே ஓர் எக்ஸப்ஷனை எழுப்பி, அது பதிவேட்டில் வந்ததா, அடுத்த அளவும் வந்து சேர்ந்ததா என்று பாருங்கள். இவை அனைத்தையும் பைத்தானின் 'ஃபால்ட்ஹாண்ட்லர்' மாட்யூலை முடுக்கிவிட்டு இயக்க வேண்டும். செக்மென்டேஷன் ஃபால்ட் நேரும் கணத்தில் ஒவ்வொரு பைத்தான் த்ரெட்டும் எந்த வரியில் நின்றது என்பதை அது அச்சிட்டுவிடும். கம்பைல் செய்யும்போது, நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசர் என்ற கருவியையும் சேர்த்துக்கொண்டால், அழிந்த ஆப்ஜெக்ட்டைத் தொட்டது எந்த இடம், அது அழிக்கப்பட்டது எந்த இடம் என்ற இரண்டும் வரி எண்ணோடு கிடைக்கும்.